தொண்ணூற்றாறு முறை பாதியாகும் பேரெண்



இம்முறை பாடமாக ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அதில் 29 இலக்கங்கள் உள்ளன. அது வருமாறு:

79228162514264337593543950336

இதனைக் கண்டு எவரும் மலைக்க வேண்டா. பெருக்கலும் வகுத்தலும் அறிந்த எட்டாம் வகுப்பு மாணவர் இப்பாடம் முழுவதையும் தாமே செய்து பார்க்கலாம். தாளும் எழுதுகோலும் அருகில் இருந்தால் போதும்.

ஐயம் பிறந்த கதை

ஆசிரியப் பயிற்சி முடித்துக் கோவை வட்டாரப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற பின்னர், ஞாயிறுதோறும் நம் இல்லத்தில் சிறுவர் சிறுமியர்க்கு ஆகமப் பாடமும் சிறிது கணக்கும் சொல்லி வருகிறோம். சென்ற ஆண்டு தசலட்சண நோன்பு நாட்களில் மனிதப் பிறவியின் அருமையைப் பற்றிப் பேச்சு வந்தது. பரியாப்த மனிதர், அஃதாவது உடல், பொறி முதலிய ஆற்றல்கள் நிரம்பப் பெற்ற மனிதர், இத்தனை பேர் என்று நம் நூல்கள் தொகை கூறுவதை எடுத்துச் சொன்னோம். அத்தொகையைக் காட்டுவதற்காக, நம் தந்தையார் 1950களில் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் இருந்தபோது தம் கையால் எழுதி வைத்த நோட்டுப் புத்தகத்தை எடுத்தோம்.

பிள்ளைகளுள் ஒருவர் தம் வீட்டிலிருந்து ஒரு சிறு வெளியீட்டைக் கொண்டு வந்திருந்தார். அதிலும் அதே தொகை அச்சாகியிருந்தது. இரண்டையும் ஒப்பிட்ட நம் பேத்தி, “பாட்டி, தாத்தா எழுதியதும் இதுவும் ஒன்றாக இல்லையே! எது சரி?” என்று கேட்டாள்.

தந்தையார் எழுதியது: 79228162514264337593543590336

அச்சில் வந்தது: 7922816251426437593543950336

முதலாவதில் 29 இலக்கங்கள், இரண்டாவதில் 28. தந்தையாரின் கையெழுத்தின்மீது நமக்குள்ள பற்றினால், “தாத்தா எழுதியதுதான் சரி, கண்ணு” என்று சொல்ல வாய் வந்தது. ஆயினும் நாற்பது ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்த நா அதைச் சொல்ல மறுத்தது. “இன்னார் எழுதினார் என்பதால் ஓர் எண் சரியாகிவிடாது. அதையே கேட்டுப் பார்ப்போம்” என்றோம். ஒரு பிள்ளை கைபேசிக் கணிப்பானில் முயன்றது. அது முதல் சில இலக்கங்களைக் காட்டி, எஞ்சியவற்றைப் பத்தின் அடுக்காகச் சுருக்கிவிட்டது. ஐயமோ வால்பகுதியிலும் நடுவிலும் இருந்தது. ஆகவே கையால் செய்யும் வழியையே நாடினோம்.

எண் இடம்பெறும் நூல்

கங்க மன்னர்களின் அமைச்சரும் படைத்தலைவருமாகிய சாமுண்டராயரை அறியாதவர் நம்மில் இலர். சிரவணபெளகொளாவில் பாகுபலி பகவானின் பேருருவைப் பத்தாம் நூற்றாண்டில் எழுப்பியவர் அவர். அவருடைய மற்றொரு பெயர் கோம்மடர். அவர் பொருட்டு நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி இயற்றிய நூலே கோம்மடசாரம். அதன் ஜீவகாண்டத்தில் இத்தொகை கூறப்படுகிறது.

கொங்கு நாட்டில் வாழும் நமக்கு இவ்வரலாறு தொலைவில் உள்ளதன்று. கோவையிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் பெருந்துறைக்கு முன்னர் வரும் விசயமங்கலத்தில் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் ஆலயம் உள்ளது. ஊரார் அதனை நெட்டைக் கோபுரம் என்பர். சாமுண்டராயரின் தங்கை புல்லப்பை அங்கே சல்லேகனை நோற்று உயிர் நீத்தார் என்பதை அவ்வாலயத்து நிசீதிகை உணர்த்துகிறது. அண்ணன் பொருட்டு எழுந்த நூலில் உள்ள எண்ணைத் தங்கை நோன்பிருந்த நாட்டில் அமர்ந்து சரிபார்க்கிறோம் என்று பிள்ளைகளிடம் சொன்னபோது அவர்கள் முகம் மலர்ந்தது.

வர்க்கத்தின் வர்க்கம்

நம் ஆசாரியர்கள் பேரெண்களைக் கட்டிய முறை எளியது. இரண்டை எடுத்து அதன் வர்க்கத்தைக் காண்க, கிடைத்ததை மீண்டும் வர்க்கமாக்குக, இவ்வாறே தொடர்க.

முதல் வர்க்கம்: 4
இரண்டாம் வர்க்கம்: 16
மூன்றாம் வர்க்கம்: 256
நான்காம் வர்க்கம்: 65536
ஐந்தாம் வர்க்கம்: 4294967296
ஆறாம் வர்க்கம்: 18446744073709551616

இவற்றுள் இறுதி மூன்றிற்கும் பிராகிருத நூல்களில் தனிப் பெயர்கள் உண்டு: பண்ணட்டி, பாதாலம், ஏகட்டி. பண்ணட்டி என்பது அறுபத்தைந்தையும், பாதாலம் என்பது நாற்பத்திரண்டையும் குறிக்கும் சொற்கள். அவ்வெண்கள் 65 என்றும் 42 என்றும் தொடங்குவதைக் காண்க. நீண்ட எண்ணை அதன் முதல் இலக்கங்களால் பெயரிட்டு அழைத்த இவ்வழக்கம், வகுப்பறையில் மனப்பாடம் செய்வித்த ஆசிரியர்களின் கைத்திறனைக் காட்டுகிறது.

ஆறாம் வர்க்கம் நாம் முன்பே அறிந்ததுதான். சதுரங்கப் பலகையின் முதற்கட்டத்தில் ஒரு தானியம், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என 64 கட்டங்களிலும் இட்டால் கிடைக்கும் மொத்தத்தைவிட இது ஒன்றே மிகுதி. ஐந்தாம் வர்க்கமும் இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் புதிதன்று. கணினிகளை இணையத்தில் இணைப்பதற்கு முதலில் பரவலாக வகுத்த முகவரி முறையில் அமையக்கூடிய முகவரிகளின் எண்ணிக்கை இதுவே. ஏறத்தாழ 429 கோடி.

கோம்மடசாரம் பரியாப்த மனிதரின் தொகையை ஐந்தாம் வர்க்கத்தின் கனம் என்கிறது. அஃதாவது ஐந்தாம் வர்க்கத்தை மூன்று முறை எழுதிப் பெருக்க வேண்டும். சுவேதாம்பரர் போற்றும் அனுயோகத்துவார சூத்திரம் இதனையே வேறு இரு வகையில் கூறுகிறது: ஐந்தாம் வர்க்கத்தையும் ஆறாம் வர்க்கத்தையும் பெருக்கினால் வருவது என்றும், தொண்ணூற்றாறு முறை பாதியாக்கத்தக்கது என்றும். சொல்லும் வகை மூன்று, எண் ஒன்றே. அஃது எவ்வாறு என்பதை அடுத்துக் காண்போம்.

பாதியாக்கும் கணக்கு

ஓர் எண்ணை மீதியின்றி எத்தனை முறை பாதியாக்கி ஒன்றை அடையலாமோ, அத்தனையை அவ்வெண்ணின் அர்த்தச்சேதம் என்பர். 16ஐப் பாதியாக்கினால் 8, 4, 2, 1. ஆகவே அதன் அர்த்தச்சேதம் 4. ஓர் எண்ணை வர்க்கமாக்கும்போது அர்த்தச்சேதம் இருமடங்காகும். எனவே மேற்சொன்ன ஆறு வர்க்கங்களின் அர்த்தச்சேதங்கள் முறையே 2, 4, 8, 16, 32, 64 ஆகும்.

இரண்டு எண்களைப் பெருக்கும்போது அவற்றின் அர்த்தச்சேதங்களைக் கூட்டினால் போதும். இதோ நம் மூன்று வாய்பாடுகளும் ஒன்றாகும் இடம்: ஐந்தாம் வர்க்கத்தின் கனத்திற்கு 32, 32, 32 ஆகியவற்றைக் கூட்ட 96, ஐந்தாம் ஆறாம் வர்க்கங்களின் பெருக்கத்திற்கு 32உம் 64உம் கூட்ட 96. நம் எண், இரண்டைத் தொண்ணூற்றாறு முறை எழுதிப் பெருக்கக் கிடைப்பது.

ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த வீரசேனாசாரியர், ஷட்கண்டாகமத்திற்கு எழுதிய தவளா என்னும் பேருரையில் இவ்விதிகளைக் கையாண்டுள்ளார். மூன்றால் வகுக்கும் முறையையும் நான்கால் வகுக்கும் முறையையும்கூட அவர் தனித்தனியே பெயரிட்டுக் கூறுகிறார். ஐரோப்பாவில் ஜான் நேப்பியர் மடக்கைகளை வெளியிட்டது 1614ஆம் ஆண்டில். பெருக்கலைக் கூட்டலாக மாற்றுவதே மடக்கையின் உயிர்நாடி. அது நம் ஆசாரியர்களின் ஏட்டில் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இரண்டின் அடுக்குகளுக்கு வழங்கி வந்தது என்பதைப் பிள்ளைகள் அறிதல் நன்று.

தொண்ணூற்றாறு என்பது சிறிய எண்போல் தோன்றும். உலக மக்கள் தொகை 2022 நவம்பரில் 800 கோடியை எட்டியதாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. அந்த 800 கோடியை 33 முறை பாதியாக்கினால் ஒன்றிற்கும் கீழே போய்விடும். நம் எண்ணுக்கோ 96 முறை வேண்டும். ஆகமம் கூறும் தொகை இரண்டரைத் தீவு எனப்படும் மனித உலகம் முழுமைக்கும் உரியது. மக்கள் தொகைக் கணக்கெடுப்பு இப்பூமிக்கு மட்டும் உரியது. இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பிணங்குவது நம் நோக்கமன்று. அளவின் பெருமையை உணர்த்தவே இதனைக் கூறினோம்.

மூன்று சோதனைகள்

இனி நம் வீட்டு வழக்கிற்கு வருவோம். எண் எவ்வாறு பிறந்தது என்று அறிந்துவிட்டோம். பிறப்பு தெரிந்தால் இயல்பு தெரியும். இயல்பு தெரிந்தால் பிழை தானே வெளிப்படும்.

முதற் சோதனை பாதியாக்கல். பத்தை ஏழு முறை எழுதிப் பெருக்கினால் வரும் ஒரு கோடி, ஏழு முறை மீதியின்றிப் பாதியாகும். ஆகவே எவ்வளவு நீண்ட எண்ணாயினும், முதல் ஏழு பாதியாக்கல்களுக்கு அதன் கடைசி ஏழு இலக்கங்களை மட்டும் பார்த்தால் போதும். தந்தையார் எழுதியதன் கடைசி ஏழு இலக்கங்களைப் பேத்தி பாதியாக்கினாள்:

3590336, 1795168, 897584, 448792, 224396, 112198, 56099.

ஆறு முறைக்குப் பின் ஒற்றைப்படை எண் வந்து நின்றது. ஏழாம் முறை பாதியாக்க இயலவில்லை. தொண்ணூற்றாறு முறை பாதியாக வேண்டிய எண் ஆறோடு நின்றால் அஃது அவ்வெண் ஆகுமா? கூடத்தில் சற்று நேரம் எவரும் பேசவில்லை. தந்தையாரின் எண் பிழையானது.

அச்சில் வந்ததன் கடைசி ஏழு இலக்கங்கள்: 3950336. பாதியாக்க, 1975168, 987584, 493792, 246896, 123448, 61724, 30862. ஏழு முறையும் தடையின்றிச் சென்றது. “அப்படியானால் அச்சில் வந்ததுதான் சரி” என்று பிள்ளைகள் ஆர்ப்பரித்தனர். ஒரு சோதனையில் தேறிய மாத்திரத்தில் தீர்ப்புக் கூறலாகாது என்று அவர்களை அமைதிப்படுத்தினோம்.

இரண்டாம் சோதனை ஒன்பதால் வகுத்தல். 2, 4, 8, 16, 32, 64 ஆகியவற்றை ஒன்பதால் வகுக்க வரும் மீதிகள் 2, 4, 8, 7, 5, 1. இதன் பின்னர் மீண்டும் இதே வரிசை சுழலும். ஆறு படிக்கு ஒரு சுற்று. 96 என்பது 16 முழுச் சுற்றுகள். ஆகவே நம் எண்ணின் மீதி 1. ஓர் எண்ணை ஒன்பதால் வகுத்தால் வரும் மீதியும் அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையை வகுத்தால் வரும் மீதியும் ஒன்றே என்பது யாவரும் அறிந்தது. அச்சில் வந்த எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 124, மீதி 7. ஆகவே அதுவும் பிழையானது. அடுத்தடுத்து நின்ற இரண்டு மூன்றுகளுள் ஒன்றை அச்சுக் கோத்தவர் விட்டுவிட்டார்.

தந்தையாரின் எண்ணிலோ இலக்கங்களின் கூட்டுத்தொகை 127; மீதி 1. இச்சோதனையில் அது தேறிவிடுகிறது. காரணம் என்ன? இலக்கங்கள் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது. ஒரு சோதனை விட்டதை மற்றொரு சோதனை பிடிக்கிறது. எனவேதான் ஒன்றோடு நிறுத்தலாகாது.

மூன்றாம் சோதனை பதினொன்றால் வகுத்தல். இரண்டின் அடுக்குகளைப் பதினொன்றால் வகுக்க வரும் மீதிகள் 2, 4, 8, 5, 10, 9, 7, 3, 6, 1. பத்துப் படிக்கு ஒரு சுற்று. 96இல் ஒன்பது சுற்றுகள் போக ஆறு படி எஞ்சும். ஆறாம் மீதி 9. ஆகவே நம் எண்ணைப் பதினொன்றால் வகுத்தால் 9 எஞ்ச வேண்டும். இதனைக் காண, வலக்கோடியிலிருந்து ஒன்று விட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டுக; விடுபட்டவற்றைத் தனியே கூட்டுக; முன்னதிலிருந்து பின்னதைக் கழித்துப் பதினொன்றால் வகுக்க. தந்தையாரின் எண்ணில் 83உம் 44உம் வரும், வேறுபாடு 39, மீதி 6. அண்டை இலக்கங்கள் இரண்டு இடம் மாறியதை இச்சோதனை காட்டிக்கொடுத்தது.

கட்டுரையின் தலைப்பில் நாம் எழுதிய எண்ணுக்கு இவை மூன்றையும் செய்து பார்க்க. கடைசி ஏழு இலக்கங்கள் ஏழு முறையும் பாதியாகும். கூட்டுத்தொகை 127; மீதி 1. ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்ட 79உம் 48உம், வேறுபாடு 31, மீதி 9. மூன்றிலும் தேறுகிறது. ஆயினும் சோதனைகள் பிழையைக் காட்டுமேயன்றி முழு உறுதி தாரா. உறுதி வேண்டுமாயின் ஐந்தாம் வர்க்கத்தையும் ஆறாம் வர்க்கத்தையும் பெருக்கியே தீர வேண்டும். அன்று மாலை மூத்த பிள்ளைகள் நால்வர் கட்டமிட்ட தாளில் இப்பெருக்கலைத் தனித்தனியே செய்தனர். மூவருக்கு இதே எண் வந்தது. நான்காமவர் தம் பிழையைத் தாமே கண்டு திருத்தினார்.

எழுத்துக்குள் எண்

நேமிசந்திராசாரியர் தொகையைக் கூறியதோடு நில்லாமல் 29 இலக்கங்களையும் ஒரே காதைக்குள் எழுத்துகளாக வைத்துள்ளார். க முதலாகிய ஒன்பது மெய்களுக்கு 1 முதல் 9 வரை. ட முதலாகிய ஒன்பதிற்கும் அவ்வாறே. ப முதலாகிய ஐந்திற்கு 1 முதல் 5. ய முதலாகிய எட்டிற்கு 1 முதல் 8. ஞகரத்திற்கும் நகரத்திற்கும் சுழி. இது பிராகிருத எழுத்து வரிசை. தமிழில் ககரம் ஒன்றே, அங்கே நான்கு. ஆகவே மூல ஒலியைக் கேட்டே இலக்கம் காண வேண்டும். முதல் எழுத்து ஒன்றாம் இடத்தைக் குறிக்கும். அங்கிருந்து இடப்பக்கமாக எண் வளரும்.

எடுத்துக்காட்டாக, அக்காதையில் மேரு என்னும் சொல் வருகிறது. மகரத்திற்கு 5, ரகரத்திற்கு 2. நம் எண்ணில் வலக்கோடியிலிருந்து 21ஆம் இடத்தில் 5உம் 22ஆம் இடத்தில் 2உம் இருப்பதைக் காணலாம்.

தந்தையார் பிழைத்த இடம் வலமிருந்து ஐந்தாவதும் ஆறாவதும். காதையில் அவ்விடத்தில் வருவது தேனைக் குறிக்கும் மது என்னும் ஒலி: மகரம் 5, தகரத்தின் நான்காம் ஒலி 9. அதனை இடப்பக்கமாக எழுதினால் 95 என்று நிற்க வேண்டும். சற்றுத் தள்ளி, 11ஆம் 12ஆம் இடங்களில் புகையைக் குறிக்கும் தூமம் என்னும் ஒலி வருகிறது: அங்கே முதலில் 9, பின்னர் 5, ஆகவே எண்ணில் 59. தந்தையார் மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் எழுதும் வழக்கமுடையவர். மதுவும் தூமமும் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றியிருக்கும்.

எண்ணை இலக்கங்களாக மட்டும் எழுதி வைத்தால் ஒன்று இடம் மாறினாலும் படிப்பவர்க்குத் தெரியாது. சொற்களில் வைத்தால் எழுத்து மாறியவுடன் பொருள் கெடும். படிப்பவர் நின்று நோக்குவர். மூடபித்ரியில் பழங்கன்னட எழுத்தில் பனையோலைகளில் காக்கப்பட்ட தவளா, 1939 தொடங்கி அறிஞர் ஹீராலால் ஜெயினின் பதிப்பாக அச்சில் வந்தது. அதுவரை படியெடுத்தே அது வாழ்ந்தது. படியெடுப்போர் கை சோரும் என்பதை நம் ஆசாரியர்கள் நன்கு அறிந்திருந்தனர். அதற்கேற்ற காவலையும் வைத்தனர்.

எண்ணின் பிற இயல்புகள்

இவ்வெண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் 97. அவை 1, 2, 4, 8 என இரட்டித்துச் சென்று இவ்வெண்ணிலேயே முடியும். இறுதியானதை விடுத்து ஏனைய 96ஐயும் கூட்டினால் நம் எண்ணுக்கு ஒன்றே குறையும்.

இது வர்க்க எண்ணும் ஆகும், கன எண்ணும் ஆகும். 256ஐப் பன்னிரண்டு முறை எழுதிப் பெருக்கினாலும், 16ஐ இருபத்து நான்கு முறை எழுதிப் பெருக்கினாலும் இதுவே வரும்.

இதனை 3, 5, 7, 13, 17, 97 ஆகிய பகா எண்களுள் எதனால் வகுத்தாலும் மீதி 1. பகா எண் எதுவாயினும், அதனினும் ஒன்று குறைந்த எண் 96ஐ மீதியின்றி வகுக்குமாயின் இவ்வாறு நிகழும். இரண்டு மட்டும் விலக்கு. பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞர் பெர்மா 1640ஆம் ஆண்டில் ஒரு மடலில் எழுதிய விதியின் பயன் இது.

வீரசேனாசாரியர் எழுப்பிய வினா

இவ்விடத்தில் ஒன்றை மறையாது கூற வேண்டும். ஷட்கண்டாகமத்தின் சூத்திரம் பரியாப்த மனிதரின் தொகையை ஆறாம் வர்க்கத்திற்கு மேலும் ஏழாம் வர்க்கத்திற்குக் கீழும் என்கிறது. இஃது அர்த்தச்சேதம் 64க்கும் 128க்கும் இடையே என்பதாகும். 96 அதற்குள் அடங்கும். ஆனால் அதே சூத்திரம், கோடியை மூன்று முறை பெருக்கியதற்கு மேலும் நான்கு முறை பெருக்கியதற்குக் கீழும் என்றும் கூறுகிறது. நம் எண்ணை வலமிருந்து ஏழேழாகப் பிரித்து எழுதுக:

7 9228162 5142643 3759354 3950336

இடக்கோடியில் நிற்கும் 7, கோடியை நான்கு முறை பெருக்கியதன் ஏழு மடங்கு. ஆகவே இவ்வெண் அந்த மேல்எல்லையைத் தாண்டிவிடுகிறது. இரண்டுக்கும் இலக்கங்கள் 29 என்பதால் மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இது தோன்றாது. வீரசேனாசாரியர் கண்டார். கண்டதோடு, மனிதர் வாழும் பரப்பைக் கணக்கிட்டு, இவ்வளவு பெரிய தொகை அதனுள் அடங்காது எனக் காட்டி, இக்கருத்தை ஏற்க மறுத்தார். தவளாவின் கணிதத்தை ஆராய்ந்த லக்னோ பல்கலைக்கழகப் பேராசிரியர் அவதேஷ் நாராயண் சிங் இதனை எடுத்துக் காட்டியுள்ளார்.

அவருக்குப் பின்வந்த நேமிசந்திராசாரியர் 29 இலக்க எண்ணையே கூறினார். இருவரும் நமக்கு ஆசாரியர்கள். இருவர் கருத்தும் நம் ஏடுகளில் அருகருகே காக்கப்பட்டுள்ளன. யார் பக்கம் என்று தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. முன்னோர் சொல்லைக் கணக்கிட்டுப் பார்ப்பது அவமதிப்பு ஆகாது என்பதற்கு வீரசேனாசாரியரைவிடப் பெரிய சான்று நமக்கு வேண்டுவதில்லை.

இளையோர்க்குப் பயிற்சி

1. பண்ணட்டியின் கடைசி இலக்கத்தைப் பாராமல், அதனை ஒன்பதால் வகுத்தால் வரும் மீதியைச் சுழலும் வரிசைகொண்டு காண்க. பின்னர் இலக்கங்களைக் கூட்டிச் சரிபார்க்க.

2. ஆறாம் வர்க்கத்தை ஒன்பதால் வகுத்தால் மீதி 7 எனவும், பதினொன்றால் வகுத்தால் மீதி 5 எனவும் காட்டுக.

3. ஐந்தாம் வர்க்கத்தையும் ஆறாம் வர்க்கத்தையும் கட்டமிட்ட தாளில் பெருக்குக. விடை தெரிந்ததே, வழியில் பிழை நேரும் இடத்தை மூன்று சோதனைகளாலும் கண்டுபிடிக்க.

பாடம் முடிந்த அன்று, தந்தையாரின் நோட்டுப் புத்தகத்தைத் திருத்துவதா வேண்டாவா என்ற கேள்வி எஞ்சியது. அவர் எழுத்தின்மேல் எழுத நமக்கு மனம் வரவில்லை. அப்போது பேத்தி அப்பக்கத்தின் ஓரத்தைக் காட்டினாள். எண்ணுக்கு அருகே, மங்கிய மையில், “96 முறை பாதி ஆகும்” என்று தந்தையாரே எழுதியிருந்தார். இத்தனை ஆண்டுகளாக அப்பக்கத்தைப் புரட்டியும் அவ்வரியை நாம் ஆழ்ந்து நோக்கியதில்லை. இலக்கத்தில் கை தவறியவர், அத்தவறைக் கண்டுபிடிக்கும் வழியையும் உடன் எழுதி வைத்திருந்தார்.

அவ்வரிக்குக் கீழே, பென்சிலால், சரியான எண்ணைப் பேத்தியே எழுதினாள். 29 இலக்கங்களையும் எழுதி முடித்து, நாம் சொல்லாமலே, வலக்கோடியிலிருந்து ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டத் தொடங்கினாள்.